பல்கலைக்கழகத்தைக் கூட்டுபவரும் தொழிலாளியே

(தில்லியில் ஞாயிறு மாலை நடந்த நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், ஒரு பல்கலைக்கழகத்தில் 38 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். - ஆசிரியர் குழு)



பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர்களின் நிலைமை பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 'பல்கலைக்கழகம்' என்றதும் நம் ஜனங்கள் பேராசிரியர்களைத்தான் நினைக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் காலை ஆறு மணிக்குக் கல்லூரி விடுதிகளைக் கூட்டப் போகிறீர்கள்? எத்தனை பேர் மெஸ்ஸில் ரொட்டி சுடுகிறீர்கள்? தோட்ட வேலை, வாட்ச்மேன் வேலை, லிப்ட் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், பாதிப்பேருக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். 1981-ல் என் மாமாவோடு ரயிலேறி இங்கே வந்தேன். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லி முழுக்க ஸ்டேடியமும் மேம்பாலமும் கட்டிக்கொண்டிருந்த காலம். மண் சுமந்தேன், கலவை சுமந்தேன். 1982 டிசம்பரில் போட்டி முடிந்தது. எங்கள் வேலையும் முடிந்தது. 1983-ல் ஒரு பல்கலைக்கழக விடுதியின் மெஸ்ஸில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். 1988-ல் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக நிரந்தரம் ஆனேன். 2021-ல் ஓய்வு பெற்றேன். இன்று எனக்குப் பென்ஷன் வருகிறது. என் மருமகள் அதே பல்கலைக்கழகத்தில், நான் வேலை பார்த்த அதே கட்டடத்தைக் காண்ட்ராக்டரிடம் கூட்டுகிறாள். அவளுக்குப் பென்ஷன் கிடையாது. ஒரே கட்டடம், ஒரே குடும்பம், இரண்டு தலைமுறை. எனக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதைத்தான் இன்று பேசப் போகிறேன். அதில் என் குற்றமும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

கோயில் என்றார்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் விடுதிக் கண்காணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டு, "இது பாக்டரி இல்லை, சரஸ்வதியின் கோயில். இங்கே கூலி, சங்கம் என்று பேசக்கூடாது" என்றார். நாங்களும் தலையாட்டினோம். கோயில் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போக வேண்டும்? நாங்கள் உரிமையையும் சேர்த்துக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனோம்.

இந்தக் கோயில் பேச்சு அந்தக் கண்காணிப்பாளரின் சொந்தச் சரக்கு அல்ல. உச்சநீதிமன்றமே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரிக்கு மாணவிகளை ஏற்றிப்போன பஸ்களை ஓட்டிய இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். பஸ் ஓட்டுவது நஷ்டம் என்று 1961-ல் அவர்களை நிறுத்திவிட்டார்கள். ஆட்குறைப்புக்கான நஷ்டஈடு கொடு என்று அவர்கள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே ஜெயித்தார்கள். பல்கலைக்கழகம் உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 1963-ல் தீர்ப்பு வந்தது. கல்வி கொடுப்பது தொழில் அல்ல, பல்கலைக்கழகத்தின் முக்கிய வேலை கற்பிப்பது, டிரைவர் போன்றவர்களின் வேலை அதில் மிகச் சிறிய பங்கு, ஆகவே தொழில் தகராறுச் சட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு டிரைவர்களும் தோற்றார்கள். அவர்களோடு இந்தியா முழுக்க இருந்த பல்கலைக்கழகச் சிப்பந்திகளும் தோற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். மில்லின் பஸ்ஸை ஓட்டினால் அவர் தொழிலாளி. கல்லூரியின் பஸ்ஸை ஓட்டினால் அவர் யாரும் இல்லை! அதே ஸ்டியரிங், அதே டீசல், அதே முதுகு வலி.

பதினைந்து ஆண்டு கழித்து இந்த அநியாயம் தீர்ந்தது. பெங்களூர்க் குடிநீர் வாரியத்தின் தொழிலாளர் வழக்கில், 1978 பிப்ரவரி 21 அன்று, ஏழு நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர் அவர். ஒழுங்குமுறையாக ஒரு வேலை நடக்கிறதா? முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து அதைச் செய்கிறார்களா? அதனால் மக்களுக்கு வேண்டிய பொருளோ சேவையோ கிடைக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் அது தொழில். லாபம் வருகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. கல்லூரியும் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும் என்றார்கள். 1963 தீர்ப்பு தவறு என்று தள்ளினார்கள்.

நான் தில்லிக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் 1983-ல் கண்காணிப்பாளர் எங்களிடம் கோயில் கதைதான் சொன்னார். தீர்ப்பு நமக்குத் தெரியாத வரையில் அது நீதிமன்றத்து அலமாரியில்தானே தூங்கும்?

இன்னொன்றும் கேளுங்கள். 1982-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கல்வி நிறுவனங்களையும் ஆஸ்பத்திரிகளையும் 'தொழில்' என்பதிலிருந்து வெளியே தள்ளப் பார்த்தது. அந்தப் புதிய விளக்கம் புத்தகத்தில் ஏறியது. ஆனால் அதை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 1978 தீர்ப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அதில் 'தொழில்' என்பதிலிருந்து கல்வி நிறுவனங்களைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் தரும காரியம், சமூக சேவை செய்யும் ஸ்தாபனங்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் நாளைக்கே 'நாங்கள் தரும ஸ்தாபனம்' என்று அந்தச் சந்தில் நுழையப் பார்க்கும். ஆகவே கோயில் பேச்சு செத்துப்போன பேச்சு அல்ல. விழித்திருக்க வேண்டும்.

எங்கள் பதினான்கு நாள்

இனி என் கதைக்கு வருகிறேன். மெஸ்ஸில் நாங்கள் தினக்கூலிகள். விடுமுறை விட்டால் கூலி இல்லை. தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனால் எங்கள் அடுப்பும் அணைந்துவிடும். மே, ஜூன் இரண்டு மாதமும் கடன்தான். காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கூலி வெட்டு. கொதிக்கும் பருப்பு காலில் கொட்டியபோது, ஒரு நண்பன் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப்போனான். பல்கலைக்கழகம் பர்னால் வாங்கக்கூடக் காசு தரவில்லை.

1987 குளிர்காலத்தில் தினக்கூலிகள் எல்லோரும் நிர்வாகக் கட்டடத்து வாசலில் உட்கார்ந்தோம். பீகாரி, கட்வாலி, தமிழன், நேப்பாளி என்று எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பதினான்கு நாள். தில்லி டிசம்பர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். யார் எங்களைக் காப்பாற்றினார்கள்? நிரந்தரத் தொழிலாளர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கிளார்க்குகளும் அட்டெண்டர்களும் தங்கள் டிபன் டப்பாவோடு வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் சங்கத்தின் சீட்டுப் பணத்தில் தினமும் டீ வந்தது. மாணவர்கள் போர்வை கொண்டுவந்தார்கள். பதினைந்தாம் நாள் நிர்வாகம் பேச வந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களைக் காலியிடங்களில் நிரந்தரமாக்க ஒத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. இன்று நான் வாங்கும் பென்ஷன் அந்த டிபன் டப்பாக்கள் போட்ட பிச்சை அல்ல, ஒற்றுமை கொடுத்த சோறு.

மாணவர்களும் சிப்பந்திகளும் சேர்ந்து நிற்பது புதிதல்ல. நம் அண்டை நாட்டிலேயே அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1949 மார்ச்சில் டாக்கா பல்கலைக்கழகத்தின் நாலாம் நிலைச் சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நின்ற சட்ட மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியது. அவர்தான் பின்னால் வங்கதேசத்தின் தந்தை என்று அழைக்கப்பட்ட ஷேக் முஜிபுர் ரஹ்மான். அந்த வெளியேற்றத்தைப் பல்கலைக்கழகம் 2010-ல்தான் ரத்து செய்தது. அறுபத்தோரு ஆண்டு கழித்து! கடைநிலைச் சிப்பந்திக்காகப் பேசினால் பெரிய இடங்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் தூக்கிய கை

இதுவரை பெருமைக் கதை. இனி வெட்கக் கதை.

தொண்ணூறுகளின் கடைசியில் என்ன நடந்தது? துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பவில்லை. முதலில் ஒரு விடுதி, பிறகு ஒரு நூலகம் என்று காண்ட்ராக்டருக்குக் கொடுத்தார்கள். நாம் 'டேக்கேதார்' என்கிறோமே, அந்த ஆள். அவன் கொண்டுவந்த பெண்களில் நிறையப் பேர் நம் ஊர்க்காரர்கள். விழுப்புரம், சேலம், ஆத்தூர்ப் பக்கத்து அக்காமார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஒரு நாள், அவர்களில் ஆறேழு பேர் எங்கள் சங்க அறைக்கு வந்தார்கள். நான் அப்போது செயற்குழு உறுப்பினர். தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருவர் பேசினார். "தம்பி, இரண்டு மாசமா கூலி வரலை. எங்களையும் சங்கத்துல சேத்துக்குங்க. சந்தா எவ்வளவுன்னு சொல்லு, கட்டிடறோம்" என்றார். முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார்.

செயற்குழு கூடியது. சங்க விதிப்படி நிரந்தரச் சிப்பந்திகள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம் என்றார் ஒருவர். அவர்களைச் சேர்த்தால் நிர்வாகம் நம் அங்கீகாரத்தைப் பறிக்கும் என்றார் இன்னொருவர். ஓட்டுக்கு விட்டார்கள். சேர்க்க வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆமாம், 1987-ல் பதினான்கு நாள் வாசலில் குந்தியிருந்த நான்தான். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் என்னைத்தான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டு போனார். அடுத்த டெண்டரில் காண்ட்ராக்டர் மாறினான். பழைய பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவந்தான்.

பின்னால்தான் ஒரு வக்கீல் தோழர் எனக்குச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். அன்று அமலில் இருந்தது 1926-ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதிலேயே, ஒரு முதலாளியிடம் நேரடியாக வேலை செய்கிறவரா இல்லையா என்று பார்க்காமல், அந்தத் தொழிலில் வேலை செய்கிற எல்லோரையும் தொழிலாளி என்று எழுதியிருக்கிறது. அதாவது, அந்த அம்மாவைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. எங்கள் சங்க விதி தடுத்தது. விதியை எழுதியவர்கள் நாங்கள். ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில் மாற்றியிருக்கலாம். நாங்கள் மாற்றவில்லை. நம் வேலைதான் பத்திரமாக இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

பலன் என்ன? ஆறாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசுப்படி 2008-ல் மத்திய அரசு நாலாம் பிரிவு என்கிற 'டி' பிரிவையே எடுத்துவிட்டது. கூட்டுவது, காவல் காப்பது எல்லாம் வெளியாட்கள் வேலை ஆயிற்று. அதே வழியில் எங்கள் பல்கலைக்கழகமும் போயிற்று. ஒவ்வொரு மாதமும் சங்கத்தில் வழியனுப்பு விழா நடந்தது, வரவேற்பு விழா நடக்கவில்லை. நான் ஓய்வு பெறும்போது, நான் சேர்ந்த காலத்து உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று கதவைச் சாத்தினோம். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வயதாகி வெளியே போனோம். இப்போது அறை காலி.

மாடிக்கும் ஏறிய நோய்

இது கீழே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் வந்துவிட்டது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பல ஆண்டுகள் 'அட்ஹாக்' என்ற பெயரில் நான்கு நான்கு மாத உத்தரவில் பாடம் நடத்தினார்கள். அதையும் 'கெஸ்ட்' என்று மணிக்கணக்குக் கூலியாக மாற்றும்படி 2019 ஆகஸ்ட் 28 அன்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. டிசம்பர் 4 அன்று ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கித் துணைவேந்தர் அலுவலகத்தைச் சூழ்ந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோவாவில் வேலை நீக்கம் செய்யப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 1988-ல் உச்சநீதிமன்றம், பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே பல்கலைக்கழகத்தில் தொழிலாளி என்று சட்டம் முழுசாக ஒத்துக்கொள்வது நம்மைப் போன்றவர்களைத்தான். விளக்குமாறு பிடிப்பவருக்கும் கரண்டி பிடிப்பவருக்கும் இருக்கும் இந்த உரிமை, சாக்பீஸ் பிடிப்பவருக்கு இல்லை! இதை நினைத்து நாம் சந்தோஷப்பட வேண்டாம். வகுப்பறையில் இருப்பவருக்கும் நாளைக்கு வேலை நிச்சயமில்லை, வராந்தாவில் இருப்பவருக்கும் நிச்சயமில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்குப் பார்ப்போம்

தாய்மார்களே, இப்போது கொஞ்சம் கணக்கு. தில்லி அரசு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, பயிற்சி தேவைப்படாத வேலைக்கு மாதம் 18,456 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு 710 ரூபாய். அதே சமயத்தில் மத்திய அரசில் கடைசி நிலையில் புதிதாகச் சேரும் நிரந்தரச் சிப்பந்திக்கு அடிப்படைச் சம்பளம் 18,000, அதற்கு 55 சதவீதம் பஞ்சப்படி, 30 சதவீதம் வீட்டு வாடகைப்படி. கூட்டினால் 33,300 ரூபாய். ஒரே வராந்தாவில் ஒரே விளக்குமாறு, கூலியில் பதினாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

அந்த 18,456-ம் முழுசாக வருகிறதா? என் மருமகளோடு வேலை செய்யும் பெண்கள் சொல்வதைக் கேட்டேன். பாங்கில் கூலி விழுகிறது. மறுநாள் சூப்பர்வைசர் வருகிறான். 'டேக்கேதாருக்கு இவ்வளவு' என்று ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறான். கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் ஹாஜிரியில் பெயர் இருக்காது.

இதைக் கேட்டதும் எனக்கு 1981 ஞாபகம் வந்தது. ஆசியப் போட்டி வேலையில் எங்களுக்கு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு என்று பேர். ஜமேதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுப்பான். அது வழக்கம் என்று இருந்தோம். எங்களுக்காக ஒரு மக்கள் உரிமை அமைப்பு உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. 1982 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஜமேதாருக்குப் பதிலாக இன்று சூப்பர்வைசர். ஒரு ரூபாய்க்குப் பதிலாக ஆயிரங்கள். தீர்ப்பு அப்படியே இருக்கிறது, எடுத்துக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பி.எஃப். விஷயம். உங்கள் கூலியில் 12 சதவீதம் பிடித்தால், முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும். 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டால் உங்கள் பங்கு 1,800, அவன் பங்கு 1,800. இரண்டையும் உங்கள் கூலியிலிருந்தே பிடிக்கும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அது திருட்டு. ஈ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் பிடிக்க வேண்டியது முக்கால் சதவீதம்தான். 18,456 ரூபாய்க்கு 138 ரூபாய் சொச்சம். அதற்கு மேல் பிடித்தால் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் பிடிப்பு மட்டும் நடந்தால் உடனே சங்கத்துக்கு வாருங்கள். பிரசவத்துக்கும் விபத்துக்கும் அதுதான் கை கொடுக்கும்.

கிராச்சுவிட்டி என்கிற பணிக்கொடை. ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. 18,456 ரூபாய் கூலிக்குப் பத்து வருடம் உழைத்தவருக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். மகளின் கல்யாணத்துக்கு ஆகும் பணம். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காண்ட்ராக்டரை மாற்றி, 'எவரிடமும் ஐந்து வருடம் இல்லையே' என்று கைவிரிக்கிறார்கள். ஆள் அதே ஆள், கட்டடம் அதே கட்டடம், மாறுவது சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேட்ஜ் மட்டும்.

காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால்? பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டும். 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, புதிய தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புதிய தொகுப்பில் ஒரு மோசமும் நடந்திருக்கிறது. முன்பு இருபது ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் அந்தப் பாதுகாப்பு உண்டு. இப்போது ஐம்பது பேர் வேண்டும். நாற்பத்தொன்பது பேராகப் பிரித்து வைத்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று காண்ட்ராக்டருக்கு நாமா சொல்லிக்கொடுக்க வேண்டும்? வேலைநிறுத்தத்துக்கு எந்தத் தொழிலானாலும் பதினான்கு நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். மத்தியத் தொழிற்சங்கங்கள் இதையெல்லாம் எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும்.

நமக்குச் சாதகமான தீர்ப்பும் இல்லாமல் இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கூட்டிப் பெருக்கிய பெண்களையும் ஒரு தோட்டக்காரரையும் 2018-ல் நிறுத்திவிட்டார்கள். 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது. அந்தப் பெண்கள் எப்படி ஜெயித்தார்கள்? விடாமல் நின்றார்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்று காட்ட அவர்களிடம் ஆதாரம் இருந்தது.

செய்ய வேண்டியது

ஆதாரம்! இந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் நம் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு நரேலாவில் வீடு, ஏறாதவர்களுக்குத் தெரு. காகிதம் இல்லாத ஏழைக்கு இந்த ஊரில் நிழலும் இல்லை. வேலையிலும் அப்படித்தான்.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, காகிதம். நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய தொகுப்பின்படி எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், ஈ.எஸ்.ஐ. அட்டை, கேட் பாஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பழைய காண்ட்ராக்டரின் பேட்ஜைத் தூக்கி எறியாதீர்கள். இந்தி தெரியாது என்று வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். எந்தத் தேதி, எந்தக் கட்டடம், எத்தனை மணி, எவ்வளவு கூலி வந்தது, எவ்வளவு திருப்பி வாங்கினான் என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். ஆசிட் ஊற்றிக் கக்கூஸ் கழுவக் கையுறை கொடுத்தானா, உடை மாற்ற அறை இருக்கிறதா, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறீர்களா, அதையும் எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் குரோமிக் ஆசிடில் குடுவை கழுவி என் சட்டையெல்லாம் ஓட்டை விழுந்தது. ஏப்ரன் கிடைத்தது சங்கம் எழுதிக் கொடுத்த பிறகுதான். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ தவறாக நடந்தால், 2013-ஆம் வருடச் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவில் காண்ட்ராக்ட் பெண்ணும் புகார் கொடுக்கலாம். 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று அவர்கள் சொல்ல முடியாது.

மூன்றாவது, சங்கம். ஏழு பேர் கூடினால் சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆனால் தனிச் சங்கம் வைப்பதற்கு முன்னால், இருக்கிற சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். தமிழர் மட்டும் கூடி ஒரு சங்கம் வேண்டாம். பக்கத்தில் கூட்டும் வால்மீகிப் பெண்ணும், மெஸ்ஸில் இருக்கும் பீகாரியும் சேரட்டும். இந்தக் குடும்பச் சங்கம் நம் மொழிக்கு, அந்தத் தொழிற்சங்கம் நம் வயிற்றுக்கு. இரண்டும் வேண்டும்.

நிரந்தர வேலையில் இருக்கிற தம்பிகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. புதிய தொகுப்பின்படி, வேலைத்தலத்தில் 51 சதவீதம் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம்தான் தனியாகப் பேச்சுவார்த்தை மேஜையில் உட்காரலாம். ஓய்வு பெற்று ஓய்வு பெற்றுக் கரைகிற சங்கத்துக்கு அந்த நாற்காலி எத்தனை நாள் இருக்கும்? சங்க விதியைத் திருத்துங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியை உறுப்பினராக்குங்கள். நிர்வாகம் கோபிக்கும், கோபிக்கட்டும். 1987-ல் எங்களுக்காக டிபன் டப்பாவோடு வந்தவர்கள் மீதும் நிர்வாகம் கோபித்தது.

சென்ற மாதம் எங்கள் பழைய சங்க அறைக்குப் போனேன். இப்போதைய செயலாளர் இளைஞர், நல்ல பிள்ளை. பொதுக்குழுவில் விதித் திருத்தத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஓய்வு பெற்ற எனக்கு அங்கே ஓட்டு இல்லை. அன்று தப்பாகத் தூக்கிய கையை இன்று சரியாகத் தூக்க எனக்கு வழி இல்லை. அந்த விழுப்புரத்து அம்மா எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

என் மருமகள் அந்தக் கூட்டம் நடக்கும் நாளில் கதவுக்கு வெளியே தன் சிநேகிதிகளோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். முந்தானையில் சந்தாப் பணத்தை முடிந்துகொண்டு நிற்பாள். உள்ளே ஓட்டு உள்ள தம்பிகளே, அன்றைக்கு உங்கள் கை எந்தப் பக்கம் உயர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.